மூன்றாவது கட்டி

பேராசிரியர் மங்கையற்கரசியின் மேசைமேல் ஒரு கான்கிரீட் கட்டி பத்தொன்பது வருஷமாகச் சொகுசாக உட்கார்ந்திருந்தது. பாதி சிமெண்டுக்குப் பதிலாக அனல்மின் நிலையத்துச் சாம்பலைப் போட்டு அவர் முதன்முதலில் வார்த்த மூன்று கட்டிகளில் அது மூன்றாவது. மற்ற இரண்டையும், கான்கிரீட்டைச் சோதிக்க வேண்டிய இருபத்தெட்டாம் நாளில், ஆய்வுக்கூடத்து அழுத்த இயந்திரம் நொறுக்கிப் பார்த்தது. இரண்டும் நன்றாகவே பாரம் தாங்கின. அந்தச் சந்தோஷத்தில் இதை மட்டும் உடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

அவர் ஓய்வுபெறும் நாளில் மேசையைக் காலிசெய்து, கட்டியை இயந்திரத்தின் பக்கத்தில் வைத்தார்கள்.

“என்னண்ணே, சௌக்கியமா? உங்க வாயிலேர்ந்து தப்பினவன் நான் ஒருத்தன்தான்” என்றது கட்டி.

“நீ தப்பிச்சே. பாலம் போச்சு” என்றது இயந்திரம்.

“எந்தப் பாலம்?”

“உங்க கலவையில கட்டறதா இருந்த பாலம்டா. மூணு கட்டியோட முடிவும் வேணும்னு பாலம் கட்டறவங்க கேட்டாங்க. அதுக்குள்ள உனக்கு இருபத்தெட்டு நாள் தாண்டிடுச்சு. அம்மா புதுசா வார்த்துட்டு வர்றதுக்குள்ள, பழையபடி முழு சிமெண்டுலயே ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் இந்தக் கலவையைக் கேட்டு யாரும் இந்தப் பக்கம் வரல.”

“இப்ப அழுத்துங்கண்ணே. தாங்குவேன்” என்றது கட்டி.

“தாங்குவேடா. யாருக்கு வேணும் இப்ப?”

பேராசிரியர் உள்ளே வந்தார். அலமாரியிலிருந்து அவர் எடுத்துவைத்த அந்தப் பாலத்தின் வரைபடங்கள் மின்விசிறிக் காற்றில் படபடத்தன. கட்டியைத் தூக்கி அவற்றின்மேல் வைத்தார்.

கட்டி தன் பலத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு உட்கார்ந்தது. ஒரு தாள்கூட அசையவில்லை.