நாற்காலித் துண்டு

தலைவர் நாற்காலியின் முதுகில் கிடக்கும் வெள்ளைத் துண்டை வாராவாரம் துவைப்பதுதான், ஊராட்சித் தேர்தலில் ஜெயித்த பூங்காவனத்துக்கு அந்த நாற்காலியோடு இருந்த உறவு. அதில் உட்கார்ந்தது அவள் கணவர் மாசிலாமணி. அவருடைய தலை எண்ணெய்க் கறை எவ்வளவு கசக்கினாலும் போகாது. இன்று கலெக்டர் வருகிறார் என்பதால் அவளைக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார். கலெக்டரின் கார் கிளம்பிப் போனது.

“போதும், எந்திரி. வீட்டுக்குப் போயி சோத்த வை.”

பூங்காவனத்தால் எழ முடியவில்லை. விடியலிலிருந்து அடுப்படியில் நின்ற கால்கள். அதற்குள் வாசலில் காத்திருந்த அஞ்சலை உள்ளே வந்து, வழக்கம்போல மாசிலாமணியைப் பார்த்து, “தலைவரே, எங்க தெருவுக்குத் தண்ணியே வரல” என்றாள்.

பூங்காவனம் முதுகுக்குப் பின்னாலிருந்த துண்டை உருவி அவரிடம் நீட்டினாள்.

“அழுக்கா இருக்கு. நீங்க தொவச்சுப் போடுங்க. எனக்குக் கை ஓஞ்சு போச்சு.”

அவர் வாங்கவில்லை. அவளும் நீட்டிய கையை மடக்கவில்லை. அஞ்சலை இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பி, “தலைவரே” என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.