கம்பெனியின் தம்பி

பெரிய மருந்துக் கம்பெனி ஒன்றின் வக்கீல் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத்தான் ஒவ்வொரு தாளையும் புரட்டினார். காப்புரிமை அலுவலக வராந்தாவில் அருகே உட்கார்ந்திருந்த பூங்கோதை சற்று விலகி உட்கார்ந்தாள். வேறொரு கம்பெனி வைத்திருக்கும் நுரையீரல் மாத்திரைக் காப்புரிமை செல்லாது என்று அவள் தனியாளாக, கெடுவுக்குள் மனுப் போட்டிருந்தாள். அது ரத்தானால் மாத்திரையை யாரும் செய்யலாம், விலை இறங்கும், தம்பி அதைப் பாதியாக உடைத்து விழுங்க வேண்டியதில்லை.

"நாங்களும் எதிர்க்கத்தான் இருந்தோம்மா, கெடுவை விட்டுட்டோம். உங்க வழக்குல எங்களைச் சேர்த்துக்கறதுக்கு ஆட்சேபணை இல்லைன்னு சொன்னாப் போதும்."

"சேர்ந்து?"

"காப்புரிமைக்காரங்களோட பேசி முடிச்சுக்குவோம். அப்புறம் ரெண்டு கம்பெனியும் இப்ப இருக்கற அதே விலைக்கு விப்போம். உங்களையும் கவனிச்சுக்கறோம்."

அவர் நீட்டிய கம்பெனியின் மனு வரிக்கு வரி அவள் எழுதியதுதான். 'என் தம்பி செழியன் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குகிறான்' என்ற வரியும் அதில் இருந்தது. பெயர்மேல் எச்சில் ஈரம்.

"இது என் தம்பி சார்."

"பின்னால சேர்றவங்க புதுசா எதையும் சொல்லக் கூடாதுன்னு விதிம்மா. அதான் அப்படியே எடுத்துட்டோம்" என்று சிரித்தார்.

உள்ளே அதிகாரி கேட்டார்: "இவங்களைச் சேர்க்கறதுல ஆட்சேபணை உண்டா?"

கல்லூரியில் ஒருநாளும் கைதூக்காத பூங்கோதை எழுந்து நின்றாள்.

"அவங்க தம்பிக்கு என்ன வயசுன்னு கேளுங்க சார்."

வக்கீல் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, மனுவைப் புரட்டத் தொடங்கினார்.