அந்தோனியார் கணக்கு

பிஸ்கட் டப்பாவைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்து லிஜி மூடியைத் திறந்தபோது, அவள் கணவன் ஜோமோன் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

டப்பா காலி. அது அவனுக்குத் தெரியும். காலையில் அதைத் துடைத்தெடுத்தவனே அவன்தான்.

ஒரு மாதமாக அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்த அயர்லாந்து ஒத்திகை இன்றோடு முடிகிறது.

லிஜிக்கு அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. போனால் குடும்பத்தோடுதான் போவேன், மகள் டீனாவை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். போன முதல் வருடமாவது அவள் ஒருத்தியின் சம்பளத்தில்தான் மூன்று பேரும் ஓட்ட வேண்டும். அதை இங்கேயே செய்து பார்த்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாள்.

ஜோமோனின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வரும்படியைத் தொடக் கூடாது. லிஜி இங்கே வாங்கும் நர்ஸ் சம்பளத்தில் வாடகை என்று பாதியை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை டப்பாவில் போட வேண்டும். மாதக் கடைசியில் டப்பாவில் ஏதாவது மிஞ்சினால் மூன்று பேரும் கிளம்பலாம். மிஞ்சாவிட்டால் வேலை வேண்டாம் என்று எழுதிவிடுவாள்.

சமையலும் சந்தையும் ஜோமோன் பொறுப்பு. அங்கே போனால் அவனுக்கு அதுதானே வேலை.

அதுதான் அவன் தொண்டையில் முள்ளாக நின்றது. இங்கே பாலா டவுனில் அவன் ஜோமோன் முதலாளி. அங்கே வெறும் லிஜியின் புருஷன். டீனாவுக்குத் தலை பின்னிவிட்டு, லிஜி டூட்டி முடிந்து வரும்வரை ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நினைத்தாலே அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. பெண்கள் முன்னேற வேண்டும் என்று இப்போதுதான் பங்குக் கோவில் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தான்.

அதனால் திருடினான்.

முதலில் நூறு, பிறகு இருநூறு. அதில் கொஞ்சம் பரோட்டாவும் பீஃபுமாகி வயிற்றுக்குள் போயிற்று. மனம் உறுத்திய நாட்களில் மிச்சத்தைக் கோவிலில் அந்தோனியார் உண்டியலில் போட்டான்.

அங்கேதான் வந்தது வினை. எவ்வளவு எடுத்தாலும் டப்பா இளைக்கவில்லை.

தொலைந்ததை மீட்டுத் தருவதில் பேர்போனவர் அந்தோனியார். சாவி காணாமல் போனாலும் பசு காணாமல் போனாலும் ஊரில் அவருக்குத்தான் மெழுகுத்திரி. அப்படிப்பட்டவர் காலடியிலேயே லிஜியின் காசைக் கொண்டுபோய்ப் போட்டால் சும்மா இருப்பாரா? ஜோமோன் தன் முட்டாள்தனத்தை நொந்துகொண்டான்.

ஆகவே இன்று காலை ஒரு நோட்டு விடாமல் எடுத்து, கடை இழுப்பறையில் வைத்துப் பூட்டினான். கோவில் இருந்த திசைப்பக்கமே திரும்பவில்லை.

"இச்சாயா, ஆயிரத்து இருநூறு மிச்சம்," என்று புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னாள் லிஜி.

ஜோமோன் இப்போதுதான் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான்.

"நல்லா எண்ணினியா?"

"நீங்களே எண்ணிக்குங்க. அயர்லாந்துல மளிகை வாங்கப்போறது நீங்கதானே."

அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. அவளை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வெகு நாளாயிற்று.

இது எப்படி இருக்க முடியும் என்று கேட்க அவனுக்கு நாக்கு துடித்தது. கேட்டால், ஏன் இருக்கக் கூடாது என்று அவள் கேட்பாள்.

அதற்குள் மூலையிலிருந்து ஒப்பாரி கிளம்பிவிட்டது. ஜோமோனின் அம்மா ஏலிக்குட்டி. லிஜிக்கு வேலை வந்த நாளிலிருந்து தெருவே கேட்கும்படி அழுதுகொண்டிருப்பவர்.

"என்னைத் தனியா விட்டுட்டுப் போறீங்களேடா. நான் செத்தா ஒரு மெழுகுத்திரி கொளுத்தக்கூட ஆளில்லையே."

ஏலிக்குட்டியும் நர்ஸ் படிப்பு படித்தவர்தான். கல்யாணமான புதிதில் ஜெர்மனியில் வேலை வந்ததாம், வழிச்செலவுக்குச் சேர்த்த காசு கடைசியில் பற்றாமல் போய்விட்டதாம். வீட்டில் ஒரு பழைய கதை அப்படி உண்டு.

அம்மாவாவது நம் கட்சியில் இருக்கிறாரே என்று ஜோமோன் ஆறுதல்பட்டுக்கொண்டு நோட்டுகளைக் கையில் எடுத்தான்.

மேலே இருந்த நோட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கறை. மூக்கருகே கொண்டுபோனான். ஜாதிக்காயைச் சுற்றியிருக்கும் சிவப்பு ஜாதிபத்திரியின் வாசனை.

கொல்லையில் உதிரும் ஜாதிக்காயைப் பொறுக்கி, உலர்த்தி, விற்ற காசை ஜாதிக்காய்க் கூடைக்குள்ளேயே செருகி வைக்கிற ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான்.

பால் இல்லாத கட்டன் காப்பி போடப் போகிறேன் என்று அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு சமையலறைக்குப் போனார். நோட்டோடு ஜோமோனும் பின்னால் போனான்.

"அம்மா, இது..."

ஏலிக்குட்டி அடுப்பைப் பற்றவைத்தார். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"எடா, இருநூறு எடுக்கிறவன் இருநூறோட நிறுத்திக்கணும். இன்னிக்கு நீ துடைச்சு எடுத்ததுல என் கூடை காலி. நீ எடுத்ததை மட்டும்தான் போட்டேன், ஒரு பைசா அதிகமாப் போடலை. அவ கணக்குல கள்ளம் இருக்கக் கூடாது பாரு."

ஜோமோனுக்குக் காது சுட்டது. நின்ற இடத்திலேயே புதைந்துபோனால் தேவலை என்றிருந்தது.

"நான்தான் எடுக்கிறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் ஜெர்மனிக் காசும் இதே டப்பாவுலதான் இருந்துச்சு," என்றார் அம்மா, சர்க்கரையைத் தேடிக்கொண்டே. "உங்கப்பன் எடுத்தப்போ திரும்பப் போட எங்கிட்ட ஜாதிக்கா மரம் இல்லை."

காப்பியை அவன் கையில் கொடுத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு, மீதி அழுகையை அழுவதற்கு முன்னறைக்குப் போனார்.