ஆவிக்குள் ஓர் இடம்

துறைமுகத்துக்குச் சிப்பாய்களை ஏற்றிச் சென்ற ரயிலை மறித்து, ஊர் எல்லையில் நாற்பது பேர் தண்டவாளத்தின் மேல் படுத்துக்கிடந்தார்கள். இன்ஜினில் ஏறிவந்த வெள்ளைக்காரத் துரை, "நீராவியைத் திறந்து விடு. சூடு பட்டால் ஓடிவிடுவார்கள்" என்றார். இருபது வருடமாக மேலிடத்துச் சொல்லைத் தட்டியறியாத டிரைவர் அருளப்பன் குழாயைத் திறந்தார். வெண்மை எல்லாவற்றையும் மூடியது. அலறல் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

ஆவி விலகியபோது படுத்தவர்கள் படுத்தபடியே இருந்தார்கள். சிலருக்குக் கெண்டைக்காலில் தோல் உரிந்திருந்தது. மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் இப்போது அவர்களோடு வந்து படுத்திருந்தார்கள். துரை மறுபடியும் கைகாட்டினார். அருளப்பன் மறுபடியும் திறந்தார். இம்முறை ஆவி அடங்குமுன்பே, உலைக்குக் கரி வாரிப்போடும் மாசிலாமணி வேலையை நிறுத்திவிட்டு இறங்கப் போனான்.

"எங்கடா போற?"

"அங்கதாண்ணே. இங்க நிக்க முடியல."

வெண்மைக்குள் அவன் மறைந்தான். துரை மூன்றாவது முறை கைகாட்டினார். அருளப்பன் குழாயைப் பிடித்தார். ஆவிக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. ஆறு வருடமாகப் பக்கத்தில் கேட்டுப் பழகிய இருமல். பிடியை விட்டுவிட்டு அவரும் இறங்கினார்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தட்டுத்தடுமாறி வந்தவருக்கு இடம் விட்டு ஒரு பெண் நகர்ந்து படுத்தாள். அவள் கையெல்லாம் கொப்புளம்.

"தண்டவாளத்துல தலைய வைக்காதீங்கய்யா," என்றாள். "சுடும்."

மேலே இன்ஜினிலிருந்து துரை அருளப்பன் பெயரைச் சொல்லி அழைத்தார். பிறகு அழைப்பு நின்றது. குழாயைத் தேடித் தடவும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் தன் முந்தானையை எடுத்து அவர் முகத்தின்மேல் போட்டாள்.