ரேட்டு மட்டும் தெரிய வேண்டாம்

“எல்லாத்துக்கும் போனு கத்த வேணாம் தம்பி. மூணே மூணுக்குக் கத்துனாப் போதும்,” என்றார் செல்வநாயகி.

ஆனந்தராஜ் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தினான். கம்பெனிகளின் வரவு செலவு, சரக்கு, ஆர்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேரிலிருந்து போனுக்கு நோட்டிஃபிகேஷன் வரும்படி செய்து கொடுப்பது அவன் வேலை. அரிசி ஆலையோ ஜவுளிக்கடையோ, எங்கே போனாலும் முதலாளிகள் ‘எல்லாமே எனக்கு வரணும்’ என்று ஒற்றைக்காலில் நிற்பார்கள். நாள் முழுக்க போன் கத்தும். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, மொத்தத்தையும் நிறுத்திவிடுவார்கள். மூன்று போதும் என்ற முதல் ஆளை விருத்தாசலத்தில், பீங்கான் தூசு படிந்த இந்த ஆபீஸ் அறையில்தான் பார்க்கிறான்.

கம்பெனி தேவநாதனுடையது. பீங்கானில் ஃபியூஸ் கட்டை செய்கிற சின்னத் தொழிற்சாலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவர் ஒருவரே பார்ப்பார். இப்போது இருதய ஆபரேஷன் முடிந்து புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். மனைவியும் அங்கேதான். வருகிற ஆர்டரைக் கவனிக்க இங்கே ஆளில்லை.

“பழைய கஸ்டமரு ரெண்டு பேரு கைய வுட்டுப் போயிட்டாங்க சார்,” என்றார் மேஸ்திரி நல்லமுத்து. “பதிலு வரலன்னதும் எதிர்த்த கம்பெனிக்குப் போயிட்டாங்க. இப்படியே போச்சுன்னா சூளையை அணைச்சுட்டு அவங்கவங்க வூட்டுல உக்கார வேண்டியதுதான்.”

“போனவங்க தானா திரும்பி வருவாங்க, அத வுடு,” என்று செல்வநாயகி அதட்டினார். “இனிமே யாரும் போவாம பாக்கறதுக்குத்தானே தம்பி வந்திருக்குது.”

அந்த அதட்டலிலேயே முதலாளிக் களை இருந்தது.

“அந்த மூணு என்னம்மா?”

“ஆர்டர் வந்தா ஒண்ணு, எனக்கும் நல்லமுத்துவுக்கும். சூளை ஆறுனா ஒண்ணு, அதுவும் எங்களுக்கு. சூடு அடங்கறதுக்குள்ள அவசரப்பட்டுத் தொறந்தா உள்ள இருக்கறது அத்தினியும் விரிசல் வுட்டுடும். லோடு கெளம்புனா ஒண்ணு. அது மட்டும் தேவநாதனுக்குப் போவணும்.”

“மத்தது அவருக்கு வேண்டாமா?”

“படுத்துக் கெடக்கற மனுசனுக்கு எதுக்குத் தம்பி? ஒடைஞ்சது, நின்னது எல்லாம் இங்க இருக்கறவங்க பாத்துக்கலாம். சரக்கு போவுதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும், பாதி ஒடம்பு தேறிடும்.”

ஆனந்தராஜுக்கு எழுந்து நின்று கும்பிடலாம் போல இருந்தது. இதையெல்லாம் எந்த ட்ரெய்னிங்கிலும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

செல்வநாயகியின் போனை வாங்கி எல்லாம் சரிசெய்தான். “பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்னு போன் நம்ம ஆப்பைத் தூங்க வெச்சுடும். அது நடக்காதபடி பண்ணிட்டேன். இனிமே ஆர்டர் வந்தா எந்த ஊரு, எத்தனை பெட்டி, என்ன ரேட்டு, எல்லாம் மேலயே தெரியும்.”

“ரேட்டு எனக்குத் தெரிய வேணாம். நல்லமுத்துவுக்கு மட்டும் வரட்டும்.”

“ரேட்டு தெரியாம எப்படிம்மா வியாபாரம்...”

“வேணாம்னா வேணாம் தம்பி.”

விலையைப் பார்க்க மாட்டேன் என்கிற முதலாளியை அவன் கேள்விப்பட்டதுகூட இல்லை. பெரிய மனசுக்காரர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சொன்னபடியே மறைத்து வைத்தான்.

“ஐயாவுக்கு ஒரு டெஸ்ட் மெசேஜ் அனுப்பிப் பாத்துடலாமா?”

“பொய்யா ஒண்ணும் அனுப்பாதீங்க. வெளிய லோடு ஏறிக்கிட்டுதான் இருக்குது. நெசமாவே கெளம்பட்டும்.”

சொன்னவர் சும்மா உட்காரவில்லை. வெளியே போய், “வைக்கோல நெருக்கி வையுங்கடா, கட்டை ஒண்ணோட ஒண்ணு மோதக் கூடாது” என்று வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். வண்டி கேட்டைத் தாண்டியதும் நல்லமுத்து கம்ப்யூட்டரில் பதிந்தார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

மேஸ்திரியின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தேவநாதனின் மனைவி. ஸ்பீக்கரில் போட்டார்.

“லோடு போயிடுச்சாமே நல்லமுத்து! போனு சத்தம் கேட்டு அவரே எடுத்துப் பாத்தாரு. காலையிலேருந்து எதுவும் வேணாம்னவரு, இப்ப இட்லி குடுன்னு கேக்கறாரு. அங்க யாருப்பா எல்லாத்தையும் பாத்துக்கறது?”

மேஸ்திரி செல்வநாயகியைப் பார்த்தார். செல்வநாயகி உதட்டில் விரலை வைத்தார்.

“நாங்கதாம்மா, எல்லாருமா சேந்து,” என்றார் மேஸ்திரி.

ஆனந்தராஜ் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். “கடைசியா ஒண்ணும்மா. உங்க பேருக்கு எதிர்ல என்ன பொறுப்புன்னு போடணும்.”

“எம்பேரே அதுல வேணாம் தம்பி. நம்பரு மட்டும் இருக்கட்டும். நல்லமுத்து, போயிட்டு வரேன்.”

அவர் வெளியேறும்வரை காத்திருந்துவிட்டு ஆனந்தராஜ் கேட்டான். “உங்க முதலாளிக்கு அக்காவா இவங்க? இப்படி ஒரு சொந்தம் அமையக் குடுத்து வெச்சிருக்கணும்.”

மேஸ்திரி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். செல்வநாயகி ரோட்டைத் தாண்டி எதிர்த்த கம்பெனிக்குள் நுழைய, வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடித்தான்.

“சொந்தமெல்லாம் இல்ல சார், அது அவங்க கம்பெனி. எங்க மொதலாளிக்கும் அவங்களுக்கும் வருஷக்கணக்கா பேச்சுவார்த்தையே கெடையாது. எங்க கஸ்டமரு ரெண்டு பேரு தேடிப் போயி ஆர்டர் குடுத்தப்பதான், ‘தேவநாதனுக்கு என்ன ஆச்சு’ன்னு கேட்டுக்கிட்டு மொத மொதலா இந்தக் கேட்டுக்குள்ள வந்தாங்க.”