மிக நன்று

“இந்தப் பட்டியலை நான் டைப் அடிக்க மாட்டேன், மேடம்.”

தலைமையாசிரியை நிமிர்ந்து பார்த்தார். அவர் இந்தப் பதவிக்கு வந்த ஒரு வருடத்தில், ஆபீஸ் கிளார்க் எந்த வேலைக்கும் முகம் சுளித்ததில்லை.

“ஏம்மா? அறிவியல் பிரிவு வேண்டாம்னு முப்பத்தொரு பொண்ணுங்க பேரு. அவ்வளவுதானே?”

“அவங்க எங்க வேண்டாம்னாங்க? நாமதானே சொல்றோம்?”

“எட்டாத ஆசையை வளர்த்துவிட்டா, நாளைக்கு உக்காந்து அழப்போறது அவங்கதான். எல்லாம் அவங்க நல்லதுக்குத்தான்.”

கிளார்க்கின் கையில் நான்கு அட்டைகள் இருந்தன. ‘நான் என்னவாக விரும்புகிறேன்’ என்று மாணவிகள் எழுதித் தரும் அட்டைகள்.

“எல்லாம் ஒரே பொண்ணு எழுதினது. கேளுங்க. ரெண்டாவதுல, விமானம் ஓட்டணும்னு எழுதியிருக்கா. கண்ணாடி போட்டவளுக்கு அதெல்லாம் கிடையாதுன்னுட்டாங்க. அஞ்சாவதுல, விமானம் செய்யற இன்ஜினியர். அது ஆம்பளப் பசங்க வேலையாம். எட்டாவதுல, கணக்கு டீச்சர். ‘நாலு பேர் முன்னாடி உனக்குப் பேச்சே வராதே’ன்னு வகுப்பே சிரிக்கிற மாதிரி கேட்டிருக்காங்க.” அவள் அடுத்த அட்டையை எடுத்தாள். “பத்தாவதுல என்ன எழுதியிருக்கா தெரியுமா? ‘ஏதாவது ஒரு வேலை.’ அதுக்குத்தான் மேடம், முதல் தடவையா ‘மிக நன்று’ன்னு போட்டிருக்காங்க.”

“படிப்பு சுமாரா இருந்திருக்கும்.”

“கணக்குல தொண்ணூத்தாறு.”

தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

“தொண்ணூத்தாறா? இது என்ன அநியாயம்? படிக்கிற பொண்ணை இப்படியா மட்டம் தட்டுவாங்க? யாரு அந்த பத்தாம் வகுப்பு டீச்சர்? உடனே வரச் சொல்லுங்க, நான் கேக்கறேன். அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகலை. எந்தப் பிரிவு கேட்டாலும் இன்னிக்கே குடுத்துடறேன்.”

“ரெண்டு பேருமே இங்கதான் இருக்காங்க, மேடம்.”

தலைமையாசிரியை வாசலை எட்டிப் பார்த்தார். வராந்தாவில் யாரும் இல்லை.

கிளார்க் கடைசி அட்டையை அவர் முன்னால் வைத்தாள். ஓரமெல்லாம் மஞ்சளித்த அட்டை. அதிலிருந்த தேதிக்கு இருபத்தாறு வயது. ‘மிக நன்று’ என்பதற்குக் கீழே இருந்தது தலைமையாசிரியையின் கையெழுத்து. மேலே மாணவி பெயர் என்ற இடத்தில், தினமும் அவருக்குக் கடிதம் டைப் அடித்துத் தருபவளின் பெயர்.