அகராதிக்கு ஒரு சொல்

“‘கிளைப்’னா என்னங்க அர்த்தம்?”

வாசலில் நின்றவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். நனைந்த மழைக்கோட்டு, கையில் கறுப்பு நோட்டு, பேச்சில் தென் இங்கிலாந்து வாடை. ஹெக்டர் ரிடாக்குக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை.

ஸ்காட்லாந்துக்காரர்களின் பேச்சுக்குப் புதிதாக அகராதி போடுகிறார்கள், இந்த வாரம் ஆள் வருவார், ஊருக்கு ஒருவர் பெயரை அச்சில் போடுவார்கள் என்று தபாலாபீசில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அந்த ஒரு பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும். எதிர்ச் சந்து இம்லாக்கின் பெயராக இருந்துவிடவே கூடாது. இதற்காக ஹெக்டர் மூன்று நாளாகச் சவரம் செய்துகொண்டு ஜன்னலோரமே கிடையாய்க் கிடந்தார்.

“ஐயா, நான் யாருன்னா...”

“தெரியும், தெரியும். உள்ள வாங்க. இம்லாக் வீட்டுப் பக்கம் போகலையே?”

“காலையிலயே போனேன். முகத்துல அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டார்.”

ஹெக்டருக்கு வாயெல்லாம் பல்லானது. “சாத்தாம என்ன செய்வான்? நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசத் தெரியாத ஜென்மம். உக்காருங்க, சார்.”

டீயையும் ஓட்ஸ் ரொட்டியையும் முன்னால் வைத்தார். மரியாதைக்காக இல்லை, ஆள் எழுந்து போய்விடக்கூடாது என்பதற்காக. அகராதிக்காரர்கள் என்றாலே அவருக்கு இளப்பம்தான். மீனைத் தட்டில் மட்டுமே பார்த்தவன் வலை பின்னச் சொல்லித்தர வந்த மாதிரி என்பார்.

“படிச்ச மனுஷன், இந்தச் சொல் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இல்லையா? எங்க ஊர்ல மூணு வயசுக் குழந்தைக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரியலை. அதனாலதான் கேக்கறேன்.”

“அப்போ எழுதிக்குங்க. கிளைப் பண்றதுன்னா போட்டுக்கொடுக்கறது. கூட இருக்கறவனை மேலிடத்துல காட்டிக்கொடுக்கறது. திருடனைக்கூட இந்த ஊர் மன்னிச்சுடும். கிளைப் பண்ணவனை மன்னிக்கவே மன்னிக்காது.”

“எங்கிருந்து வந்த சொல்?”

“உங்க ஆளுங்ககிட்டேர்ந்துதான். பழைய இங்கிலீஷ்ல கூப்பிடறதுக்கு அப்படி ஒரு சொல் இருந்துச்சுன்னு எங்க பாதிரியார் சொல்வார். நீங்க அதைத் தூக்கிக் கடாசிட்டீங்க. நாங்க பத்திரமா எடுத்து வெச்சு, வாத்தியாரைக் கூப்பிட்டுக் கோள் சொல்றவன் தலையில கட்டிட்டோம். நீங்க குப்பையில போட்டதுக்கெல்லாம் நாங்கதானே உபயோகம் கண்டுபிடிக்கணும்?”

வந்தவர் வாதாடவில்லை. தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஹெக்டருக்கு அது பிடித்திருந்தது.

“ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?”

“எல்ஸ்பெத் மட்ச்னு ஒருத்தி இருக்கா. வாத்தியார் எங்களை அடிக்கிற தோல் வாரை எவனோ அடுப்புல போட்டுட்டான். யாருன்னு இவ சொல்லிட்டா. அப்போ அவளுக்கு ஏழு வயசு, இப்போ அறுபத்து மூணு. இன்னிக்கு வரைக்கும் சர்ச்சுல அவ பக்கத்துல யாரும் உக்காரறதில்லை. த்தூ!”

“ஒரு குழந்தை சொன்னதுக்கா?”

“குழந்தையாவது கிழவியாவது. கிளைப் கிளைப்தான். அவ செத்தா பெட்டியைத் தூக்க நாலு பேர் வருவாங்களாங்கறதே சந்தேகம்.”

வந்தவர் பென்சிலைத் தட்டினார். “ரொம்பப் பழைய கதையா இருக்கு. சமீபத்துல நடந்ததா ஒண்ணு சொன்னா எனக்கு உதவியா இருக்கும்.”

ஹெக்டருக்குப் பதறியது. உதாரணம் சரியில்லை என்று நோட்டை மூடிக்கொண்டு, இந்த ஆள் மறுபடி இம்லாக் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டால்? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார்.

“சரி, உதாரணத்துக்குத்தான் சொல்றேன். போன ஞாயித்துக்கிழமை, ஊரே சர்ச்சுல பிரசங்கம் கேட்டுக்கிட்டிருந்தப்போ, எங்க ஊர்ப் பிரபுவுக்குச் சொந்தமான ஆத்து மடுவுல திருட்டுத்தனமா வலை போட்டு ஒம்பது சால்மன் மீனை அள்ளிட்டாங்க. இப்போ நான் உங்ககிட்ட, ‘வலை போட்டது இம்லாக். வலை அவன் கோழிக்கூண்டுக்கு அடியில இருக்கு. மீனெல்லாம் அவன் மச்சான் வீட்டுல, துணி வேகவைக்கிற கொப்பரையில உப்புல ஊறுது’ன்னு சொன்னா, அதுக்குப் பேர்தான் கிளைப். வெளங்குச்சா?”

“நல்லா வெளங்குது. கரையில காவலுக்கு நின்னது யாருன்னு சொன்னா?”

“அதுவும் கிளைப்தான். நின்னது நான்தான். என்னைப் பத்தி நானே சொன்னாலும் கிளைப்தான்! ஆனா சொல்வேனா? நாக்கை அறுத்தாலும் சொல்ல மாட்டேன், சார். ரிடாக் பரம்பரையிலயே அந்த ஈனப் பழக்கம் கிடையாது. அதையும் எழுதிக்குங்க. என் பேரைத் தப்பில்லாம எழுதுங்க.”

“ஹெக்டர் ரிடாக்” என்று உரக்கச் சொல்லியபடியே எழுதினார் வந்தவர்.

கதவைத் தள்ளிக்கொண்டு, கடைக்குப் போயிருந்த மனைவி லீபி மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

“ஹெக்டர், சேதி தெரியுமா? அகராதிக்காரர் மத்தியான பஸ்ல வந்துட்டார். நேரா இம்லாக் வீட்டுக்குப் போய் உக்காந்து கேக் சாப்பிட்டுக்கிட்டிருக்கார். அந்த மடையன் அள்ளிவிட, அவர் எழுதித் தள்ளறாராம்! நீ இங்க என்ன பண்ற?”

ஹெக்டர் மெல்லத் திரும்பி விருந்தாளியைப் பார்த்தார். “அப்போ... நீங்க?”

“வாசல்லயே சொல்ல வந்தேன், நீங்க விடலை. ஆத்துக் காவலுக்குப் புதுசா வந்திருக்கற அதிகாரி நான்.” வந்தவர் நோட்டை உள்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு எழுந்தார். “ஞாயித்துக்கிழமை வலை போட்டது யாருன்னு காலையிலேர்ந்து பதினோரு வீட்டுல கேட்டேன், ஐயா. அத்தனை பேரும் ‘கிளைப் பண்ண மாட்டோம்’னு சொல்லிக் கதவைச் சாத்திட்டாங்க. சரி, அந்தச் சொல்லுக்கு அர்த்தத்தையாவது கேட்டுட்டுப் போவோமேன்னுதான் உங்க வீட்டுக்கு வந்தேன்.”